தயவுசெய்து கவனிக்கவும்

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆளில்லாத கண்ணாடிகள் சுவர் முழுக்க வரிசையாக நின்று, உள்ளே வந்த இரண்டு பேரையும் முறைத்துப் பார்த்தன.

"இத்தனை கண்ணு இருந்தும் ஒரு சாட்சி இல்ல பாருங்க சார்," என்றாள் மைனா.

எடிட்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். மைனா வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பார்வை அதிகபட்சம் ஒரு நிமிஷத்துக்குத்தான் செல்லும் என்பது இருவருக்குமே தெரியும்.

எடிட்டர் என்பது அவர் பெயரல்ல. பத்திரிகை ஒன்றில் நீண்ட காலம் செய்தி ஆசிரியராக இருந்தார். பத்திரிகை மூடப்பட்டது, மனைவி காலமானாள், பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் எழுதிய வாக்கியங்களை ஆயுள் முழுக்க வெட்டியவர் வேறு தொழில் தெரியாமல் துப்பறிய வந்துவிட்டார். ஆபீஸ் அறையின் மூலையிலேயே ஒரு கட்டில். வீடு என்று தனியாக ஒன்று இருக்கிறது, ஆனால் அங்கே போனால் சாவியின் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும் என்பதால் போவதில்லை.

மைனா அவருடைய உதவியாளர். முன்பு போனில் பொருள் விற்றவள். அந்த வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டால், "ஊர்ல பாதிப் பேர் என் மூஞ்சில அடிச்ச மாதிரி போனை வெச்சாங்க. மீதிப் பேர் எடுக்கவே இல்ல," என்பாள்.

கல்லாவுக்குப் பின்னால் கடைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஒரு கை டெலிபோன் மேலேயே இருந்தது, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருப்பதுபோல.

காணாமல் போனவர் அவளுடைய அப்பா. லென்ஸ் தேய்த்துத் தேய்த்து இந்தக் கடையை உண்டாக்கியவர். இரண்டு வருஷமாக நினைவு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது. முந்தாநாள் காலையில் மகள் கடைக்குக் கிளம்பிய பிறகு, கதவைத் திறந்துகொண்டு போனவர்தான்.

"சட்டைப் பையில இதய மாத்திரை ஒரு அட்டை இருந்துச்சு சார். இன்னிக்கு மத்தியானத்தோட தீர்ந்திருக்கும்," என்றாள். "அது இல்லாம ஒரு நாள் தாங்கறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பார்க், ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் எல்லாம் போலீஸ் தேடியாச்சு. நான் இந்த போனை விட்டு நகரவே இல்ல."

"இந்த நம்பர் அவருக்கு ஞாபகம் இருக்கா?"

"எதுவுமே ஞாபகம் இல்ல. ஆனா அவர் கண்ணாடிக் கூடு எப்பவும் பையில இருக்கும். அது மேல கடை நம்பர் அச்சடிச்சிருக்கும். யாராவது பாத்தா கூப்பிடுவாங்கன்னுதான்..."

"யாராவது கேட்டா வாயால சொல்ல மாட்டாரா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பா ஆறு மாசமா பேசறதே இல்ல சார். நான் பேசினாலும் பேசறதில்ல."

எடிட்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மூணு நாள்ல என்னென்ன போன் வந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவள் சொன்னாள். போலீஸ் இரண்டு முறை. கண்ணாடி தயாரா என்று கேட்ட வாடிக்கையாளர்கள். வெளியூர்ச் சித்தி, அழுகையோடு. ஒரு ராங் நம்பர்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நடுவுல ஒரு விளம்பரப் பிசாசு, மூணு தடவை. பதிவு பண்ணின பொம்பளைக் குரல். நான் இருக்கற இருப்புல... ச்சீ!"

"என்ன விளம்பரம்?"

"யாருக்குத் தெரியும்? முழுசா கேட்டாத்தானே! 'தயவுசெய்து கவனிக்கவும், தயவுசெய்து கவனிக்கவும்'னு ஆரம்பிக்கும். நான் வெச்சிடுவேன்."

மைனாவின் கழுத்து நிமிர்ந்தது. "ஒரு நிமிஷம்க்கா. ஆரம்பமே அதுதானா? 'உங்களுக்கு ஒரு நற்செய்தி', 'வாழ்த்துக்கள்', இந்த மாதிரி எதுவும் இல்லையா?"

"இல்ல."

"சார், இது விளம்பரம் இல்ல. போன்ல விக்கறவ முதல் மூச்சுலயே ஆசை காட்டணும். 'கவனிக்கவும்'னு ஆரம்பிச்சா எவன் வாங்குவான்? இது பள்ளிக்கூடத்துல டீச்சர் சொல்றது. எங்க கம்பெனில இப்படி ஆரம்பிச்சா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க."

எடிட்டருக்கு உள்ளங்கை லேசாக வியர்த்தது. நல்ல தலைப்பு கிடைத்த நாட்களில் அவருக்கு அப்படித்தான் ஆகும். "அம்மா, மூணு தடவையும் ஒரே மாதிரியா வெச்சீங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

"முதல் தடவை உடனே வெச்சேன். ரெண்டாவது தடவை அசந்து போய் காதுல வெச்சபடியே இருந்துட்டேன். அது பேச ஆரம்பிச்சுது. நடுவுல எங்கேயோ மாடு கத்தற மாதிரி நீளமா ஒரு சத்தம். குரல் நின்னுடுச்சு. சத்தம் ஓஞ்சதும் மறுபடியும் முதல்லேர்ந்து, 'தயவுசெய்து கவனிக்கவும்'. எரிச்சல்ல வெச்சுட்டேன். மூணாவது தடவை நல்லாத் திட்டினேன். எனக்கு எதுவும் வேண்டாம், இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடவே கூடாதுன்னு."



"பதிவு பண்ணின குரல்," என்றார் எடிட்டர் மெதுவாக, "சத்தம் ஓயட்டும்னு வாயை மூடிட்டுக் காத்திருக்குமா?"

மகளின் கை டெலிபோனிலிருந்து நழுவியது.

"அது மிஷின் இல்லம்மா. மனுஷி. ஒரே சேதியை ஆளாளுக்கு ஒரு மாதிரி கட்டுவாங்க. நாங்க பத்திரிகைக்காரங்க முதல் வரியிலேயே பொணத்தைப் போட்டுடுவோம். கதை எழுதறவன் கடைசிப் பக்கம் வரைக்கும் ஒளிச்சு வெப்பான். பொது இடத்துல மைக்ல அறிவிக்கறவங்க ரெண்டுமே பண்ண மாட்டாங்க. கூட்டம் தன்பாட்டுக்குப் பேசிட்டு இருக்கும், அதனால காது திரும்பற வரைக்கும் 'கவனிக்கவும், கவனிக்கவும்'னு தட்டிட்டு, விஷயத்தைப் பின்னாடி வெப்பாங்க. ஆயிரம் பேருக்கு அது சரி. போன்ல ஒரே ஒரு ஆளு, காதை ஏற்கெனவே கொடுத்துட்டு நிக்கறாங்க. அவங்களுக்கு அப்படிச் சொன்னா, விஷயம் வர்றதுக்குள்ள போனை வெச்சுடுவாங்க."

"நான் வெச்சுட்டேன்," என்றாள் மகள். "மூணு தடவையும் நானே வெச்சுட்டேன்."

அவள் அழுவதற்குள் மைனா கடைச் சாவியை எடுத்து அவள் கையில் திணித்தாள். "அழுகையை வண்டியில வெச்சுக்கலாம்க்கா. கிளம்புங்க. போன் சொல்ல வேண்டியதைச் சொல்லிடுச்சு."

எடிட்டர் முதலில் கைகாட்டிய இடம் பேருந்து நிலையம். மைனாவின் கார் அங்கே போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை நின்றது. அறிவிப்பு அறையில் ஒரு தடித்த மனிதர் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"முதல்லேர்ந்து ஆரம்பிச்சாங்கன்னா நம்ம தொழில்தான், சந்தேகமில்ல. பாதில விட்டுத் தொடர்ந்தா பாதிப் பேர் தப்பான வண்டில ஏறிடுவான். ஆனா ஹாரனுக்கு நிறுத்தறதா? சார், இங்க நான் ஹாரனுக்கு நிறுத்த ஆரம்பிச்சா, ரிட்டையர் ஆகற வரைக்கும் வாயையே திறக்க முடியாது."

வெளியே நாலு பேருந்துகள் சேர்ந்து அதை ஆமோதித்தன. எடிட்டரின் முகம் சுருங்கியது.

"அசடு வழியுது சார், தொடைச்சுக்குங்க," என்று மைனா கைக்குட்டையை நீட்டினாள்.

"மாடு கத்தற மாதிரின்னு சொன்னீங்கல்ல," என்றார் எடிட்டர் மகளிடம். "நீளமா, அடிக்குரல்ல. பஸ்ஸும் இல்ல, ரயிலும் இல்ல. ரயில் வீல்னு அலறும். இது படகு. பயணிகள் படகுத்துறை."

"இருக்காது சார். அப்பாவுக்குத் தண்ணின்னா பயம். சின்ன வயசுல மூழ்கிப் பொழைச்சவரு. அந்தத் தெருப்பக்கமே போக மாட்டாரு. போலீஸ்கிட்டயும் அங்க தேட வேண்டாம்னு நானேதான் சொன்னேன்."

"பயமும் ஞாபகத்துலதானேம்மா இருக்கணும்," என்றார் எடிட்டர்.

மைனா வண்டியைப் படகுத்துறைக்குத் திருப்பினாள்.

வெயில் தணிந்திருந்தது. அக்கரைக்குப் போகிறவர்கள் பையும் சைக்கிளுமாக வரிசையில் நின்றார்கள். கூட்டத்துக்கு மேலே, இரும்புப் படிகள் முடியுமிடத்தில், கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு மைக், ஒரு நாற்காலி, ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். தலைமுடி நேர்வகிடு எடுத்து இழுத்துக் கட்டியிருந்தது.

கதவைத் தள்ளியதும் அவள் திரும்பாமலே சொன்னாள்: "அனுமதியின்றி உள்ளே வருதல் கூடாது."

"பேச்சே போர்டு மாதிரி இருக்கு," என்று மைனா முணுமுணுத்தாள்.

எடிட்டர் சுற்றி வளைக்கவில்லை. "கண்ணாடிக் கடைக்கு மூணு தடவை போன் பண்ணினது நீங்கதானே?"

அந்தப் பெண் திரும்பினாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் அந்தக் கிழவரின் மூக்கும் தாடையும் இருந்திருக்க வேண்டும். யாரென்று கேட்கவில்லை.

"பண்ணினேன். மூன்று முறையும் அழைப்பு துண்டிக்கப்பட்டது. இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று கடைசியாகச் சொல்லப்பட்டது."

"அப்பா எங்க?" மகள் கத்திவிட்டாள். "எங்க அப்பா எங்க?"

"கீழே. ஒலிபெருக்கிக் கம்பத்தடிப் பெஞ்சில். நலமாக இருக்கிறார். மாத்திரை அட்டையைக் காட்டி, மருந்துக் கடையில் புதிதாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன்."

மகள் ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். பெஞ்சில் அப்பா இருந்தார்.

"நான் மிஷின்னு நெனச்சுட்டேங்க," என்றாள் மகள், மூச்சு வாங்க. "பதிவு பண்ணின குரல்னு நெனச்சு வெச்சுட்டேன். சத்தியமா மனுஷங்கன்னு தெரியாது."

அறிவிப்பாளர் அசையாமல் நின்றாள். அவள் பேசியபோது அந்தப் போர்டுக் குரல் கழன்று விழுந்திருந்தது.

"மிஷினா? போன் பண்றதுக்கு முன்னாடி என்ன சொல்லணும்னு வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தேன்மா. நான் போன்ல பேசி எத்தனையோ வருஷமாச்சு. பேச ஆளு கிடையாது. வேலைக்கு வருவேன், மைக்ல சொல்லுவேன், பின்னாடி இருக்கற ரூமுக்குப் போவேன். எனக்கு வேற மாதிரி பேச வரல. என் வேலை போக மிச்சம் இவ்வளவுதான் போல."

எடிட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கேட்க அவருக்கு விருப்பமில்லை. ஆனால் விருப்பத்தைப் பார்த்தால் இந்தத் தொழில் நடக்காது.

"போனை வெச்சாங்க, சரி. போலீஸ்கிட்ட சொல்லியிருக்கலாமே. நாலாவது தடவை கூப்பிட்டிருக்கலாமே. இல்லன்னா கூட்டிட்டுப் போய் கடை வாசல்லயே விட்டிருக்கலாம்."

அறிவிப்பாளர் ஜன்னல் வழியே பெஞ்சைப் பார்த்தாள்.

"மூணாவது தடவை அவங்க வெச்சப்போ," என்றாள், "எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

"என்னது?"

"முதல் நாள் அவரு அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தாரு. நான் மைக்ல, பயணிகள் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால நிக்கணும்னு சொன்னேன். அவரு தலையைத் தூக்கி ஸ்பீக்கரைப் பாத்து என்னமோ சொன்னாரு. ஜன்னலைத் திறந்து மறுபடியும் சொன்னேன், 'சரிம்மா'ன்னாரு. படகு தாமதம்னு சொன்னேன். 'பரவாயில்லம்மா, மெதுவா வரட்டும்'னாரு. இத்தனை வருஷமா நான் சொல்லிட்டே இருக்கேன். பதில் சொன்ன ஒரே ஆளு அவருதான். அதுவரைக்கும் இந்த ஜன்னலை நான் திறந்ததே இல்ல. அவரு என்ன சொல்றாருன்னு கேக்கறதுக்காகத் திறந்து வெச்சேன்."

"பொய்!" என்றாள் மகள். "எங்க அப்பா பேசறதே இல்ல. ஆறு மாசமா ஒரு வார்த்தை பேசினதில்ல. மூணு நாளு நான் செத்துப் பொழைச்சிருக்கேன். நீங்க எங்க அப்பாவைப் பொம்மை மாதிரி வெச்சு விளையாடிட்டு இருந்திருக்கீங்க!"

"தப்புதான்," என்றாள் அறிவிப்பாளர். "ராத்திரி ரூம்ல கட்டில்ல அவரைப் படுக்க வெச்சுட்டு நான் நாற்காலியில உக்காந்துட்டேன். ஆனா தப்புதான். உங்களுக்கு வேண்டாதவருன்னு என்னை நானே நம்ப வெச்சுக்கிட்டேன்."

மகள் தடதடவென்று படியிறங்கி ஓடினாள். மைனா பின்னாலேயே போனாள். எடிட்டர் மட்டும் அறையில் நின்றார். ஆபீஸில் ஒரு ரேடியோ இரவும் பகலும் ஓடிக்கொண்டிருப்பது அவர் நினைவுக்கு வந்தது. அவர் அதைக் கேட்பதில்லை, அணைப்பதும் இல்லை. இந்தப் பெண் செய்ததன் காரணம் அவருக்குப் புரிந்தது. அவ்வளவு சுலபமாகப் புரிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

திறந்திருந்த ஜன்னல் வழியே கீழே எல்லாம் தெரிந்தது. பெஞ்சில் ஒரு கிழவர், துவைத்த சட்டையும் வாரிய தலையுமாக. மகள் அவர் காலடியில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா! நான்தான்ப்பா. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

கிழவர் அவளைப் பார்த்தார். தெரியாத வீட்டு ஜன்னலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, ஏதாவது பேசுங்கப்பா. திட்டவாவது செய்யுங்க."

ஒன்றுமில்லை.

படகு தொலைவில் தெரிந்தது. அறிவிப்பாளர் எடிட்டரைப் பார்த்தாள், கடமை என்பதுபோல. பொத்தானை அழுத்தினாள். பயணிகளின் கனிவான கவனத்திற்கு, அக்கரையிலிருந்து வரும் படகு இன்னும் சற்று நேரத்தில் துறையை வந்தடையும் என்று சொன்னாள்.

"சரிம்மா," என்றார் கிழவர். குரல் கணீரென்று மேலே வந்தது.

மகள் அப்படியே உறைந்து போனாள். ஆறு மாதமாக அந்த ஒரு வார்த்தைக்காக அவள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக் கெஞ்சியிருக்கிறாள். பிறகு கெஞ்சுவதை விட்டாள். பிறகு களைத்துப்போய்ப் பேசுவதையே விட்டாள். கடை, வீடு, உறக்கம் என்று நாட்கள் போயின. வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள். யார் முதலில் ஊமையானது என்று இப்போது அவளுக்கே நிச்சயமில்லை.

அவள் மறுபடியும் படியேறி வந்தாள். இந்த முறை ஓடவில்லை. வாசலில் நின்று, அறிவிப்பாளரை நேராகப் பார்த்தாள்.

"உங்களை என்னால மன்னிக்க முடியல," என்றாள். "ஆனா அவரு உங்க பேச்சைத்தான் கேப்பாரு. இழுத்துட்டுப் போக எனக்கு மனசு வரல. நான் கீழ போய் அவர் பக்கத்துல நிக்கறேன். நீங்களே சொல்லுங்க, வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போய்விட்டாள்.

அறிவிப்பாளர் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சொன்னால் அவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்திருப்பார். அந்தக் கணக்கு அவள் முகத்தில் ஓடியதை எடிட்டர் பார்த்தார். துப்பறிவாளர் என்ற முறையில் அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"பயணிகளின் கனிவான..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். துறையில் இருந்த ஓரிருவர் அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஐயா," என்றது ஸ்பீக்கர். "உங்க பொண்ணு வந்திருக்காங்க. பக்கத்துல நிக்கறாங்க பாருங்க, அவங்கதான். உங்களை மூணு நாளா தேடியிருக்காங்க. அவங்ககூட வீட்டுக்குப் போங்க."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கிழவர் பக்கத்தில் நின்றவளை ஒரு முறை பார்த்தார். பிறகு கம்பத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நீ வரலியாம்மா?"

அறிவிப்பாளரின் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. மூச்சு இழுத்த சத்தம் துறை முழுக்கக் கேட்டது.

"எனக்கு வேலை இருக்குங்கய்யா. நீங்க போங்க."

"சரிம்மா."

அவர் எழுந்தார். மகள் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார், அவள் யார் என்பதற்காக அல்ல, போகச் சொன்னதற்காக. மைனா அவருடைய கண்ணாடிக் கூட்டைப் பெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

எடிட்டர் படியிறங்கி வந்தபோது படகு துறையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேலே குரல் மறுபடியும் ஆரம்பித்தது. தயவுசெய்து கவனிக்கவும், தயவுசெய்து கவனிக்கவும், இறங்கும் பயணிகளுக்கு முதலில் வழிவிடவும். தெளிவான, ஏற்ற இறக்கமில்லாத குரல். கூட்டம் பையும் சைக்கிளுமாக முண்டியடித்துக்கொண்டு அந்தக் கம்பத்தைக் கடந்து போனது.

எடிட்டர் நின்று அண்ணாந்து பார்த்தார். ஜன்னல் திறந்தே இருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை.